இருளும் துவக்கும்

சென்ற மாதம் வெள்ளவத்தையில் நடைபெற்ற சிறியதோர் இலக்கியச் சந்திப்பில், பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தாம் எழுதிய சிறுகதையை வாசித்தார். கதையின் நாயகன் வன்னிக் காட்டிலே நள்ளிரவில் துவக்கேந்தித் தனியே நடக்கிறான். இருள் அவனைச் சூழ்கிறது, புலி உறுமுகிறது, ஆந்தை அலறுகிறது. அவனோ அஞ்சா நெஞ்சன். நெற்றியிலே வியர்வை ஒரு துளியும் அரும்பவில்லை. கேட்டிருந்தோர் கைதட்டினர். நான் தட்டவில்லை. அதைக் கவனித்துவிட்ட மாணவர், கூட்டம் கலைந்த பின்னர் படிக்கட்டில் என்னை மறித்து, "ஐயா, கதையிலே என்ன குறை?" என்று கேட்டார். படிக்கட்டில் நின்று சொல்லி முடிக்கத்தக்க விடை அன்று அது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுதல் முறை. நான் வன்னியிற் பிறந்தவன் அல்லன், கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். புனித லூசியா பேராலயத்தின் மணியோசையும் துறைமுகத்துக் கப்பல்களின் ஊதலும் இரவு முழுவதும் கேட்கின்ற தெருவிலே, சாளரத்துக்கு நேரெதிரே மின்கம்பம் ஒன்று விடிய விடிய எரிந்துகொண்டிருந்த வீடு எங்களுடையது. இருள் என்றால் என்னவென்று பதினேழு வயது வரை நான் கண்டதில்லை. 1964ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறைக்கு, ஒட்டுசுட்டானுக்கு அப்பால் வயல் செய்துவந்த என் அம்மானிடம் அனுப்பப்பட்டேன். இரவுத் தபால் வண்டியில் மாங்குளத்தில் இறங்கி, வைகறையில் பஸ் பிடித்துச் சென்ற அந்தப் பயணமே எனக்குக் காட்டோடு ஏற்பட்ட முதல் உறவு. அவ்வுறவு நான்கு விடுமுறைகளோடு முடிந்துபோயிற்று. எனவே வேட்டைக்காரன் என்று மார்தட்டிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அஞ்சியவன் என்று சொல்லிக்கொள்ள முழு உரிமையும் உண்டு.

அச்சத்தைப் பற்றி நம் இலக்கணகாரர் தெளிவாகவே சொல்லியிருக்கின்றனர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. தெய்வமும் பேயும் முதலாவது, கொடிய மிருகம் இரண்டாவது, திருடர் மூன்றாவது, ஆள்வோன் நான்காவது. வகுப்பிலே இதனை மாணவர்க்கு மனப்பாடம் செய்வித்த காலத்தில் வெறும் பட்டியலாகவே எனக்குத் தோன்றியது. பின்னர் என் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தபொழுது, ஏறத்தாழ அதே வரிசையிலேயே நானும் அஞ்சியிருக்கிறேன் என்பதைக் கண்டு வியந்தேன்.

காட்டிருளில் முதலில் வருவது விலங்கன்று, அணங்குதான். என் அம்மானின் வளவில் முதலிரவு கழிந்த விதத்தை நினைத்தால் இன்றும் நாணம் வருகிறது. காட்டின் உட்புறமிருந்து பெண்ணொருத்தி நெஞ்சு பிளக்க ஓலமிடுவது போன்ற ஒலி எழுந்தது. சிங்கள மக்கள் 'உலமா' என்று அழைக்கும் பறவையின் குரல் அது. பெற்ற பிள்ளையைக் கணவனே கொன்று கறியாக்கிவிட்டான் என்றறிந்த தாயொருத்தி காட்டுக்குள் ஓடிப் பறவையானாள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. பெரிய காட்டு ஆந்தையின் குரலே அதுவென்று பறவையியலார் பலர் கருதுகின்றனர். வேறு பறவைகளைச் சொல்வாரும் உளர். அன்றிரவு எனக்குப் பறவையியல் உதவவில்லை. போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன்.

இமயமலைச் சாரலில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் புகழ்பெற்ற ஜிம் கோர்பெற், 1953இல் வெளியிட்ட 'ஜங்கிள் லோர்' என்னும் நூலில் தம் இளமைக்கால அச்சமொன்றை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஐரிஷ்காரர் ஒருவர் சொல்லித்தந்த பேய்க்கதைகளைக் கேட்டு வளர்ந்த சிறுவன், ஒருநாள் காட்டிலே அந்தப் பேயின் ஓலத்தையே கேட்கிறான், விழுந்தடித்து ஓடுகிறான். பின்பொருநாள் அதே குரல் கேட்டபோது ஓடாமல் நின்று, அது வரும் திசையைத் தேடிப் போகிறான். சாய்ந்துபோன மரமொன்று இன்னொரு மரத்தின்மேல் கிடந்து, காற்று வீசுந்தோறும் உராய்ந்து முனகியது என்று கண்டுபிடிக்கிறான். காட்டிலே புதிதாய்க் காணும் எதனையும் முடிவு காணாமல் விடுவதில்லை என்ற பழக்கம் அன்றுதான் தொடங்கிற்று என்கிறார் கோர்பெற். ருத்ரபிரயாகையில் எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சிறுத்தையை 1926 மே மாதத்தில் சுட்டு வீழ்த்திய மனிதர் இவர். அந்த வேட்டையின் இரவுகளைப் பற்றி எழுதும்போதும் தமது நடுக்கத்தை அவர் ஒளித்ததில்லை. மாணவ நண்பரின் நாயகனோ கோர்பெற்றை விடவும் பெரிய வீரனாக இருக்கிறான். அங்கேதான் எனக்கு ஐயம் பிறந்தது.

என் அம்மான் எழுத்தறிவு அதிகம் இல்லாதவர். கோர்பெற்றின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். ஆயினும் மறுநாட் காலை அவர் எனக்குச் சொன்னது அதே பாடந்தான். "தம்பி, பேர் தெரியாத சத்தந்தான் பேய். ஒவ்வொண்டுக்கும் பேர் கேட்டுப் படி" என்றார். பத்து நாட்களில், உக்குளான் சருகில் ஓடும் சலசலப்பையும், மரை கிளையை முறிக்கும் ஓசையையும், ஆட்காட்டிப் பறவை மனிதனைக் கண்டு கத்துவதற்கும் சும்மா கத்துவதற்கும் உள்ள வேறுபாட்டையும் ஓரளவு அறிந்துகொண்டேன். அணங்கச்சம் அவ்வாறு கொஞ்சங் கொஞ்சமாகக் கரைந்தது. ஒரேயடியாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

விலங்கச்சம் அவ்வளவு எளிதில் தீர்வதன்று; அதற்குக் காரணமும் உண்டு. இலங்கைக் காடுகளிலே புலி கிடையாது. வன்னியார் புலி என்பது சிறுத்தையைத்தான். சிறுத்தை மனிதனைத் தேடிக் கொல்வது இந்நாட்டில் மிக அரிது. அரிது என்பதனாலேயே மட்டக்களப்புப் பாதையிலுள்ள புணாணையில் ஏறத்தாழ இருபது பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சிறுத்தை இன்றும் பேசப்படுகிறது. 1924இல் அதனைச் சுட்டவர் ஷெல்டன் ஏகர் என்பவர். பாடம்செய்யப்பட்ட அதன் உடலைக் கொழும்பு தேசிய நூதனசாலையில் மாணவர்களோடு சென்று பார்த்திருக்கிறேன். "இவ்வளவுதானா, சேர்?" என்று ஒரு பையன் கேட்டான். உண்மையாகவே சிறிய மிருகமாகத்தான் எனக்கும் தோன்றிற்று. கண்ணாடிக்குப் பின்னால், பட்டப்பகலில், எந்த மிருகமும் சிறியதே.

வன்னி மக்கள் உண்மையில் அஞ்சுவது கரடிக்கும் யானைக்கும். கரடி மனிதனை உண்பதில்லை; அவனைத் தேடி வருவதுமில்லை. பாலைப்பழக் காலத்தில் பழத்திலும், மற்றக் காலத்தில் கறையான் புற்றிலும் தலையைப் புதைத்துக்கொண்டு நிற்கும்போது மனிதன் திடீரென்று அதன் முன்னால் தோன்றிவிட்டால், வெருட்சியினால் பாய்ந்து முகத்தைப் பிறாண்டிவிடும். ஆகையால் காட்டுவழி போகும் ஊரவர் இருமிக்கொண்டும், பேசிக்கொண்டும், தடியால் மரத்தைத் தட்டிக்கொண்டும் போவர். வேட்டைக்காரன் மட்டுமே ஓசைப்படாமல் போகிறான். இதனை நண்பர்கள் சிந்தித்துப் பார்க்க வேண்டும். தனி வேட்டைக்காரனைச் சூழ்ந்த ஆபத்தின் பெரும்பகுதி இருளினால் வந்ததன்று. அவன் தானாகவே மேற்கொண்ட மௌனத்தினால் வந்தது. வழிப்போக்கனுக்கு இல்லாத பகையை வேட்டைக்காரன் தன்னோடு எடுத்துச் செல்கிறான். போதாக்குறைக்கு, தன்னைப் போன்ற இன்னொருவன் பன்றிக்கென்று பாதையிலே கட்டிவைத்த கட்டுத்துவக்கு வேறு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கயிற்றில் கால் தடக்கினால் முடிந்தது.

இனி, அந்த இரவைப் பற்றி.

1964 ஓகஸ்ட் முடிவதற்கு முன் ஒருநாள், அமாவாசையை அண்டிய இரவு. குளத்துக்கு அப்பால் ஒன்றரைக் கட்டை தொலைவில் வற்றிக்கொண்டிருந்த நீர்மடுவொன்றின் கரையில் அம்மானின் பரண் இருந்தது. வயலை உழும் பன்றிகள் நீருக்கு அங்கே வரும். அன்று அம்மானுக்குக் காய்ச்சல். "இண்டைக்கு நீ தனியப் போ, மருமோன்" என்றார். போகமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மாமியும் மச்சாள்மாரும் கேட்டுக்கொண்டிருந்தனர். வீரச்செயல்களிற் பாதி இவ்விதமே நிகழ்கின்றன போலும்.

அம்மான் உடனே அனுப்பவில்லை. முற்றத்து விளக்கை நூர்க்கச் செய்து, என்னை அரைமணி நேரம் வாசற்படியில் இருத்தினார். "கண் பழகட்டும்" என்றார். இதன் உண்மையைப் பின்னாளில் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் எனக்கு விளக்கினார். வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்த கண் முழுமையாகப் பழகுவதற்கு இருபது முப்பது நிமிடங்களோ அதற்கு மேலுமோ வேண்டும். ஒருமுறை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால் அத்தனையும் வீண். மேலும், கண்ணின் நடுவிடம் பகலொளிக்கு உரியது. மங்கிய ஒளியை உணரும் உயிரணுக்கள் அந்நடுவிடத்தில் இல்லை. அதனைச் சூழ்ந்தே நிறைந்துள்ளன. ஆதலால் இருளில் ஒரு பொருளை நேரே உற்றுப் பார்த்தால் அது மறையும்; சற்று விலக்கிப் பார்த்தால் தோன்றும். அச்சங்கொண்டவனோ எதற்கு அஞ்சுகிறானோ அதையே உற்று நோக்குகிறான். நோக்க நோக்க அது கரைகிறது, அசைகிறது, வளர்கிறது. பேய்கள் பிறக்கும் இடம் இதுவென்றால் தவறாகாது.

இவ்வளவும் சொல்லித்தந்தும், கையில் ரோச்சு இருந்தது. கால்மணி நேரம் நடந்ததும் ஏதோ ஓசை கேட்க, அதை அழுத்திவிட்டேன். வெளிச்சம் பட்ட இடத்தில் ஒரு மரமும் சில கொடிகளும் வெள்ளையாய்த் தெரிந்தன. அதற்கப்பால் உலகமே இல்லை. அணைத்தபோது கண்ணுக்குள் பச்சைப் புள்ளிகள் மிதந்தன. காடு முன்னிலும் பன்மடங்கு கறுத்துப்போயிற்று. திரும்பி ஓடியிருப்பேன். மச்சாள்மாரின் நினைவு தடுத்தது.

வளைவொன்றைக் கடந்தபோது, பாதை நடுவே, இருபது அடி தொலைவில், அது நின்றது. ஆளுயரம். தோள் புடைத்து, தலை கீழ்நோக்கித் தாழ்ந்து, இரு கால்களில் எழுந்து நின்ற கரடி. அது கரடியேதான் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமிருக்கவில்லை. துவக்கை உயர்த்தினேன். இடியன் துவக்கு, ஒரே வெடி. விசைமேல் விரல் இருந்தது. நேரே பார்த்தேன், அது அசைந்தது. இன்னும் பார்த்தேன், என்னை நோக்கி ஓரடி வந்தது.

அப்பொழுது கரடி இருமிற்று.

தேனெடுக்கப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த முதியவர் அவர். முதுகிலே சாக்கும் குடமும். என் ரோச்சு வெளிச்சத்தைத் தொலைவிலேயே கண்டுவிட்டார். பிறகு அது அணைந்ததையும், என் காலடி நின்றதையும், துவக்கு உயர்ந்ததையும் அறிந்திருந்தார். ஓடினால் சுடுவேன் என்பது அவருக்குத் தெரியும். கத்தினாலும் வெருண்டு சுடுவேன் என்பதும் தெரியும். அசையாமல் நின்று, ஒரு கிழவன் இருமுவது போல, மெதுவாக இருமினார். ஓரடி முன்வந்தது என் கண்ணின் வேலையன்றி அவர் செயலன்று.

அன்று நான் பன்றி சுடவில்லை. அதன்பின் எந்த மிருகத்தையும் சுடவில்லை. ஆயினும் அதே பாதையில், அடுத்த மூன்று விடுமுறைகளிலும், துவக்கில்லாமலும் ரோச்சில்லாமலும் எத்தனையோ இரவுகள் தனியே நடந்திருக்கிறேன். அச்சம் தீர்ந்ததா என்றால், அணங்கைப் பற்றிய அச்சம் தீர்ந்தது. யானையைப் பற்றியது தீரவில்லை, தீரவும் கூடாது. அண்மைக் காலத்தில் இந்நாட்டில் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் முந்நூற்றுக்கு மேற்பட்ட யானைகளும் ஒருவரால் ஒருவர் மடிகின்றனர். இந்நிலையில் யானைக்கு அஞ்சாதவனை வீரன் என்று எழுதுவது பிள்ளைகளுக்குத் தீங்கு.

இலக்கியத்துக்குத் திரும்புகிறேன். நம் சங்கப் பாடல்களிலே குறிஞ்சித் தலைவன் இரவில் மலைவழியே தனித்து வருகிறான். பாம்பும் யானையும் புலியும் உள்ள வழி. அந்த வழியை எண்ணி நடுங்குபவர் யார்? வீட்டிலே இருக்கும் தலைவியும் தோழியும். வருகிறவன் தன் அச்சத்தைப் பற்றி வாய் திறப்பது அரிது. அவனை அஞ்சாதவன் என்று கொள்வது நம் வழக்கம். எனக்கோ, நடந்தவனைக் கேட்காமல் இருந்தவரையே கேட்டுப் பாடியிருக்கிறார்களோ என்று சில வேளை தோன்றும். புலவர்கள் பொறுத்துக்கொள்க. கண்ணப்பரும் இரவு முழுவதும் வில்லேந்தி விழித்து நின்றார். அவர் காத்தது தன்னை அன்று, காட்டில் தனித்திருந்த தன் இறைவனை. மற்றொருவருக்காக அஞ்சுகிறவன் தனக்காக அஞ்ச நேரமின்றிப் போகிறான் என்பதைச் சேக்கிழார் அறிந்திருக்கிறார்.

பிறநாட்டாரில் காட்டச்சத்தை உள்ளபடி எழுதியவர் லெனாட் வூல்ஃப். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் பணிபுரிந்து, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராய் இருந்தவர். 1913இல் வெளிவந்த அவரது 'காட்டுக்குள் ஒரு கிராமம்' பற்றிய நாவலின் தொடக்கத்திலேயே, காட்டில் தனக்கு அச்சமில்லை என்று சொல்லிக்கொண்ட வேட்டைக்காரன் ஒருவன் வருகிறான். காடு முடிவில் அவனைக் கொண்டுவிடுகிறது. நாவலின் நாயகன் சிலிந்துவோ காட்டை அறிந்தவன், அறிந்தும் அஞ்சுபவன். அவன் காட்டினால் அழியவில்லை. ஊராரின் சூழ்ச்சியும் கடனும் வழக்கும் துரத்த, வேட்டைத் துவக்கை இரு மனிதர்மேல் திருப்புகிறான். தமிழில் பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வந்தது. தண்ணிமுறிப்புக் காட்டையும் அங்கு வேட்டையாடும் கதிராமனையும் காட்டுக்குள் நின்று எழுதிய நாவல் அது. அதில் காடு வேடிக்கைப் பொருளாக நிற்கவில்லை. மனிதர் வாழும் இடமாக இருக்கிறது. மாணவ நண்பர் அதனைப் படித்துவிட்டுத் தம் கதையைத் திரும்பப் பார்ப்பாராக.

தொல்காப்பியர் சொன்ன மூன்றாவதும் நான்காவதும் எனக்குக் காட்டில் வாய்க்கவில்லை. அவை கொழும்பில் வாய்த்தன. 1983 யூலை 25ஆம் நாள் வெள்ளவத்தையில், அயலவரான சிங்களக் குடும்பத்தினர் வீட்டின் சாமானறைக்குள் மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் பகல் முழுவதும் இருந்தேன். கதவு சாத்திய அறை, நல்ல இருள். வெளியே எழுந்த ஓசை ஒவ்வொன்றையும், என்னை அறியாமலே, பெயரிட்டுக்கொண்டிருந்தேன். இது கண்ணாடி. இது கூரை எரியும் ஓசை. இது எங்கள் வீடு. பெயர் தெரிந்தால் அச்சம் போகும் என்ற அம்மானின் பாடம் அன்று பொய்த்தது. பெயர் தெரிந்ததனாலேயே அஞ்சினேன். காட்டுப் பாடம் மனிதருக்குச் செல்லாது என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன்.

தொண்ணூறுகளில் ஓரிரவு அந்த எண்ணம் சற்றே மாறிற்று. கொட்டாஞ்சேனையில் சாவீடொன்றுக்குப் போய், நேரங்கழித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். மின்சாரம் தடைப்பட்டிருந்தது. சோதனைச்சாவடியொன்றில் திடீரென்று முகத்தின்மேல் ஒளி பாய்ந்தது, பின் அணைந்தது. ஒளியின் பின்னால் துவக்கோடு நின்றவன் மிக இளைஞன். அணையுமுன் அவன் கை நடுங்கியதைக் கண்டேன். அந்த நடுக்கத்தை எனக்குத் தெரியும். அவன் கண்ணுக்குள் பச்சைப் புள்ளிகள் மிதந்துகொண்டிருக்கும் என்பதும், நான் அசையாமல் நின்றாலும் அவனுக்கு அசைவேன் என்பதும் தெரியும். அவன் முன்னால் நின்றது நானன்று. அவனுக்குச் சொல்லப்பட்டிருந்த ஏதோ ஒன்று. அவன் மொழியில் நன்றாகப் பேசத் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. மெதுவாக, கிழவன் இருமுவது போல, இருமினேன். எனக்கு அப்போது ஐம்பது வயதும் ஆகவில்லை. சிறிது நேரத்தின் பின் குழல் தாழ்ந்த ஓசை கேட்டது.

இதனைச் சொல்வதனால் அந்த ஆண்டுகளின் கொடுமைகளை இருளின்மேல் ஏற்றிவிடுகிறேன் என்று எவரும் கொள்ள வேண்டாம். பட்டப்பகலில், நன்றாகக் கண் தெரிந்தே செய்யப்பட்டவை அவற்றிற் பல. நான் சொல்வது அந்த ஒரு பையனைப் பற்றி மட்டுமே. அஞ்சா நெஞ்சன் என்று அவனுக்கும் யாரோ கதை சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள்.

இவற்றையெல்லாம் சுருக்கமாக மாணவ நண்பரிடம் தொலைபேசியில் சொன்னேன். வேட்டையே சட்டத்தால் பெரிதும் தடுக்கப்பட்டுவிட்ட இக்காலத்தில், துவக்கை எடுத்துவிட்டுக் கதையை எழுதிப் பார்க்கும்படியும் கேட்டேன். சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "ஐயா, அந்தத் தேன்காரர் பிறகு உங்களை ஏசவில்லையா?" என்றார்.

ஏசவில்லை. அருகில் வந்து, துவக்கின் குழலை ஒரு விரலால் மெல்ல ஒருபக்கமாகத் தள்ளிவிட்டு, மடியிலிருந்து சுருட்டொன்றை எடுத்துக்கொண்டு, "தம்பி, நெருப்புப்பெட்டி வைச்சிருக்கிறியோ?" என்று கேட்டார். மூன்று குச்சிகள் என் கையிலேயே அணைந்துபோயின. நான்காவதை அவர் தாமே வாங்கிக் கொளுத்தினார்.